தபாலில் போன மூத்தாள் பொட்டு

ஆந்திரா மெட்ராஸிலிருந்து பிரிந்து தனி ராஜ்யமாகி, எந்தக் கிராமம் எந்தப் பக்கம் என்ற எல்லைத் தகராறு ஓயாமல் இருந்த காலம். நான் திருப்பதியில் விடுதியில் தங்கி ஆசிரியைப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

நாங்கள் அதுவரை பிறர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். நிலத்துக்காரர் எல்லைத் தகராறில் வெறுத்துப்போய், மெட்ராஸ் பக்கம் குடியேறக் கிளம்பினார். நாங்கள் பாடுபட்ட கழனியில் ஒரு துண்டை எங்களுக்கே விலைக்குத் தருவதாகச் சொல்லி, பணம் கட்டக் கெடுவும் வைத்தார். வீட்டிலிருந்த தங்கத்தையெல்லாம் சேர்த்தோம். ஜோடி தொலைந்த ஒற்றைக் கம்மல், அறுந்த சங்கிலித் துண்டு, கல் விழுந்த மூக்குத்திகள், நசுங்கிய காதுத் தண்டட்டி. எல்லாம் சேர்ந்தும் ஒரு கொட்டாங்குச்சியின் அடி மறையவில்லை.

சித்தூர்க் கடைக்காரர், "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாத்து" என்று சொல்லி, இருப்பதிலேயே மட்டமானதன் விலையை எல்லாவற்றுக்கும் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய நகைகளைத் தபாலில் இன்ஷூர் செய்து அனுப்பினால், தனித்தனியாக உரைத்துப் பார்த்துப் பணம் அனுப்புவதாக மெட்ராஸ் கடை ஒன்று பத்திரிகையில் விளம்பரம் செய்திருந்தது. "தபால்ல அனுப்பலாம் நைனா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நான் விடுதிக்குத் திரும்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் நகைகளைத் தட்டில் வைத்து விளக்கேற்றினோம். அம்மா தன் தாலிச் சரட்டிலிருந்த மூத்தாள் பொட்டையும் கழற்றி, பாலில் கழுவி, விளக்கடியில் வைத்தாள். அம்மா நைனாவுக்கு இரண்டாம் தாரம். இறந்துபோன முதல் மனைவிக்காக இரண்டாமவள் கழுத்தில் போட்டுக்கொள்ளும் சின்னத் தங்கப் பொட்டு அது. அதில் இரண்டு பாதங்கள் பொறித்திருக்கும். எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் அதைக் கும்பிடுவோம். அந்தப் பெரியம்மாவின் மகள், என் அக்கா, தலைப்பிரசவத்துக்காக நிறைமாதத்தில் வீட்டில் இருந்தாள். விடியற்காலையில் அவள்தான் நகைகளைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாள்.

முதல் ரயிலில் திருப்பதிக்கு வந்தேன். முடிச்சை அப்படியே பெட்டிக்குள் வைத்து, மேலே துணி போட்டுத் தைத்து, தையல் நெடுக அரக்கு முத்திரை வைத்து, தபாலாபீசில் சேர்த்து ரசீது வாங்கினேன். தலை நிமிர்ந்துதான் வகுப்புக்குப் போனேன்.

மூன்று மணிக்கு விடுதி வாசலில் நைனா நின்றார். வேட்டியெல்லாம் புழுதி.

"பொட்டு காணோம்மே" என்றார். "ஒங்கக்கா இருட்டுல நகையோட சேத்து முடிஞ்சிட்டா போல. ஒங்கம்மா சோறு துன்னாம கழுத்த மூடிக்கினு ஒக்காந்துக்கினு கீறா. அக்காவுக்குத் தெரிஞ்சா இந்த நேரத்துல தாங்குவாளா?"

நான் கிளம்பிய பிறகு மறியலால் பஸ்கள் நின்றுவிட்டன. சித்தூர் வரை நடந்தே வந்து ரயிலைப் பிடித்திருக்கிறார். மெட்ராஸ் கடையில் உரைத்துப் பார்த்த கையோடு உருக்கிவிடுவார்கள். பெற்ற தாயின் பொட்டை, சின்னம்மா வீட்டில் விற்றுவிட்டார்கள் என்று அக்காவின் மாமியார் ஊரெல்லாம் பேசுவாள். மூத்தவள் பொட்டு கழுத்தை விட்டுப் போனால் அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று வேறு சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்று தபாலாபீசுக்கு ஓடும்போது அந்தப் பேச்சும் கூடவே ஓடிவந்தது.

தபாலாபீஸ் வாசலில், ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே குமாஸ்தா தலையை நிமிர்த்தவே இல்லை.

"பை கட்டியாச்சம்மா. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"அனுப்பினவ நான்தான். ரயில் ஏறாத பார்சலைத் திருப்பிக் கேட்கலாம்."

வரிசையில் நின்ற ஒருவர், "ஊரே மெட்ராசு வேணும் வேணாம்னு அடிச்சிக்கினு கீது. இந்தப் பொண்ணு மெட்ராசுக்குப் போட்டதையே திருப்பிக் கேக்குதுய்யா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குமாஸ்தா இப்போது நைனாவைப் பார்த்தார், தலையிலிருந்து வெறுங்கால் வரை. "ஏமம்மா, யாரு இந்த ஆளு? மிரட்டிக் கூட்டிட்டு வந்தானா? பயப்படாம சொல்லு, போலீசைக் கூப்பிடறேன்."

"எங்க நைனா. மரியாதையாப் பேசுங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே வண்டிக்காரர் மாட்டை அதட்டினார். அதற்குமேல் மறைத்துப் பிரயோஜனமில்லை. "உள்ளே மூத்தாள் பொட்டு போயிடுச்சு சார். எங்க பெரியம்மாவோடது."

குமாஸ்தாவின் பேனா நின்றது. "மொதட்டி ஆவிடதா?" என்றார். முதல் தாரத்துடையதா என்று கேட்கிறார். தலையாட்டினேன். "எங்க அம்மா கழுத்துலயும் ஒண்ணு உண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போய், வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

விண்ணப்பம் எழுதச் சொன்னார். எழுதினேன். பையிலிருந்து பார்சலை எடுத்து, அதிலிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் முன்னாலேயே அரக்கை உடைத்தார். மேஜைமேல் எல்லாவற்றையும் கொட்டினோம். கம்மல் இருந்தது, சங்கிலி இருந்தது, மூக்குத்திகள் இருந்தன. பொட்டு இல்லை. துணியை உதறினோம். இல்லை. நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

கடைசியாகத் தண்டட்டியைக் கையில் எடுத்தேன். அதன் நசுங்கிய இடுக்கில் ஒரு துணித் துணுக்கு திணித்திருந்தது. கொண்டையூசியால் இழுத்தேன். அதற்குள் சுருட்டி வைத்தபடி பொட்டு இருந்தது. அது அங்கே எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலை பார்சலைப் புதிதாகத் தைத்து அனுப்பிவிட்டு, நானும் நைனாவும் ரயிலேறினோம். வழி நெடுக அவர் மூடிய கையைத் திறக்கவே இல்லை. வீட்டில் அம்மா முந்தானையைக் கழுத்தில் சுற்றியபடி எழுந்து வந்தாள். அக்கா கொல்லைப்பக்கம் இருப்பாள் என்று நினைத்து நைனா கையை விரித்தார். உள்ளங்கையில் பொட்டின் வட்டம் பதிந்திருந்தது.

"இத இன்னாத்துக்கு நைனா திருப்பி எடுத்துக்கினு வந்த?"

அக்கா எங்களுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"நான்தான் உள்ள வெச்சேன்" என்றாள். "எங்கம்மா சாவற வரைக்கும் அந்தக் கழனியில கூலிக்கு நாத்து நட்டவ. அதையே நாம வாங்கறப்ப, அவளுதுன்னு ஒண்ணுகூட அதுல இல்லாம போவலாமா?"

அம்மாதான் முதலில் வெடித்தாள். "சொல்லிட்டு வெக்கக் கூடாதாடி? உசுரக் கையில புடிச்சிக்கினு கெடந்தனே!"

"சொன்னா குடுத்திருப்பியா சின்னம்மா?"

"மாட்டேன்" என்றாள் அம்மா. பொட்டை எடுத்துச் சரட்டில் கோத்துக்கொண்டே சொன்னாள்: "அவ காசா வர வேணாம். ஆளாவே வரட்டும்."

கெடுவுக்குள் பணம் வந்தது. அக்காவுக்கும் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் சொந்தக் கழனியில் முதல் நடவன்று, அம்மா சேற்றில் இறங்குவதற்கு முன் தாலிச் சரட்டை ரவிக்கைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டாள். பொட்டு வெளியே தெரிந்தது. மூத்தவள் பார்க்கட்டுமாம்.

இன்று அந்தக் கழனியை யார் வாங்கியது என்று யாராவது கேட்டால் என்னைத் தவிர நான்கு பேரைச் சொல்வேன். அதில் ஒருவரை நான் பார்த்ததே இல்லை.