நாற்பது பெட்டித் திராட்சையைக் கழுவிய கதை

எங்கள் தேவாலயப் பங்கு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சுவாமி கேட்டார். "இஞ்சை புதிசா வேலைக்குப் போற பிள்ளையளுக்குப் பிரயோசனமா, பெருமையா ஏதும் எழுதுங்கோ அக்கா" என்றார். இருபத்தாறு வருடம் இத்தாலியில் பலேர்மோவில் வீடு துடைத்தவளிடம் பெருமையாக என்ன இருக்கப்போகிறது? ஐம்பத்தெட்டு வயதில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மூன்றாம் நாளே நாற்பது பெட்டிப் பழத்தைக் கெடுக்கப் பார்த்தேன். பிரயோசனமாக என்னிடம் இருப்பது அதுதான்.

1. ஏன் ஓம் என்றேன்

தோட்டத்துச் சொந்தக்காரர் சால்வோவை அவருடைய சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அவருடைய தாய் வீட்டில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். சால்வோ பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டைகளை அயன் பண்ணியவள் நான். தாய் இறந்த பிறகு, மொன்றியாலே தாண்டி ஒரு மணித்தியாலம் மலைக்குள் இருந்த குடும்பத் தோட்டத்தை அவர் பொறுப்பெடுத்தார். அங்கேயே சின்னதாக ஒரு கந்தீனாவும் வைத்திருக்கிறார். பழத்தைப் பிழிந்து வைன் ஆக்குவது அதற்குள்தான்.

அந்த வருடம் மாரி மழையே சரியாகப் பெய்யவில்லை. கோடையில் ஒரு துளி கூட இல்லை. கொடியில் இலைகள் கீழிருந்து மஞ்சளாகி உதிர்ந்தன. பழம் பட்டாணி அளவிலேயே நின்றுவிட்டது. வழக்கமாக செப்டெம்பர் நடுவில் வெட்டுவார்கள். வெயிலில் இனிப்பு ஏறிக்கொண்டே போனதால் ஆகஸ்ட் கடைசியிலேயே வெட்டவேண்டி வந்தது. வழக்கமான ஆட்களோ செப்டெம்பருக்குத்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

சால்வோ எனக்கு போன் எடுத்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன்.

"ஸ்தெல்லா, எட்டு நாளுக்குள்ளை வெட்டி முடிக்காட்டி எல்லாம் வத்தல்தான். உங்கடை ஆக்கள் ஆரும் வருவினமோ?"

ஆகஸ்டில் நாங்கள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராமார் எல்லாரும் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள், எங்களுக்கு வேலை இருக்காது. ஆனால் நான் உடனே ஓம் என்றதற்குக் காரணம் ரஞ்சினி. மன்னார்ப் பிள்ளை. பலேர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். அவள் பராமரித்த வயோதிபப் பெண்மணி முந்தின வருடம் காலமானார், அத்தோடு வேலையும் போயிற்று. வேலை தேடக் கொடுத்த பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, ஒக்டோபரில் முடிகிறது. அன்றைக்கு ஒரு கொந்த்ராத்தோ, வேலை ஒப்பந்தம், கையில் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குப் போனால் புதுப்பிக்கமாட்டார்கள். அவளுடைய மகள் இங்கே நாலாம் வகுப்புப் படிக்கிறாள்.

"திராட்சை முடிய ஒலிவ் இருக்கு. நவம்பர் கடைசி வரைக்கும் கொந்த்ராத்தோ தருவியளோ?" என்று கேட்டேன்.

"மூண்டு நாள் பாப்பன். வேலை சரியெண்டால் எல்லாருக்கும் நவம்பர் வரை. சரியில்லையெண்டால் அதோடை சரி."

ரஞ்சினியையும் சேர்த்து என்னோடு ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் எங்கள் பங்கு, ஒருத்தி மொரீசியஸ்காரி தேவி. தேவிக்கு எங்கள் தமிழ் பாதிதான் விளங்கும், ஆனால் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்வாள். ஏழு பேருமே வீட்டு வேலைக்காரிகள். கொடியில் பழம் வெட்டிய கை ஒன்று கூட இல்லை.

2. செம்மண் தூசி

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. விடியற்காலை பல்லரோச் சந்தையடியில் வான் வண்டியில் ஏறுவோம், ஆறு மணிக்கெல்லாம் கொடிக்குக் கீழே நிற்போம். வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும் என்பதால் பத்து மணியோடு வெட்டு நிறுத்தம். வத்திப்போன பழங்களைக் கத்தரியால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக் குலையைப் பெட்டியில் படுக்கவைக்கவேண்டும். மற்ற ஆட்கள் இதற்குப் பொறுமை காட்டமாட்டார்கள் என்று சால்வோ சொன்னார். நாங்கள் யார்? சிஞ்ஞோராவின் கண்ணாடி விளக்கில் நூறு மணி தொங்கினால் நூறையும் தனித்தனியாகத் துடைத்த ஆட்கள். இரண்டாம் நாள் முடிவில் அவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்து, கெட்டிக்காரிகள் என்ற அர்த்தத்தில், "பிராவே" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

மூன்றாம் நாள் மேட்டில் இருந்த பழைய கொடிகள். கத்தராத்தோ என்கிற வெள்ளைத் திராட்சை. அந்தத் தோட்டத்திலேயே நல்ல பழம் அதுதான். அதற்கு முந்தின நாள் முழுக்க ஆபிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ காற்று வீசியிருந்தது. விடிந்தபோது வான் கண்ணாடி, கொடி, குலை எல்லாவற்றிலும் செங்கல்பொடி போலத் தூசி.

ஒன்பதரைக்கு நாற்பது பெட்டி வெட்டிக் கந்தீனா வாசலில் அடுக்கிவிட்டோம். பழம் பிழிகிற பிரஸ்ஸுக்கு ஒரு றப்பர் வளையம் வாங்க சால்வோ ரவுனுக்குப் போயிருந்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. குடிக்கிற சாமானுக்குப் போகிற பழம் இப்படியா இருப்பது? பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் குழாயும் இருந்தன.

"ரஞ்சினி, அந்தக் குழாயை எடு. கழுவி வைப்பம்."

ரஞ்சினி தயங்கினாள். "அக்கா, சால்வோவைக் கேட்டிட்டுச் செய்வமோ? ஒரு போன்தானே."

"பழம் கழுவுறதுக்கும் கேக்கிறதோடி? அந்தாள் வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்."

வீட்டு வேலையில் எனக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்தக் குணம்தான். சொல்லாமலே செய்வாள் ஸ்தெல்லா என்று சிஞ்ஞோராமார் ஒருவருக்கொருவர் சொல்வார்கள். கேட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயமும் அதற்குள் இருந்தது. அதை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

நாற்பது பெட்டியையும் கழுவினோம். பழம் பளபளவென்று வந்தது. எனக்குச் சொல்லமுடியாத திருப்தி.

3. ஆர் செய்தது?

சால்வோ ஜீப்பை விட்டு இறங்கி, ஈரமான நிலத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், தாங்கியைத் தட்டிப் பார்த்தார். அது பாதிக்குக் கீழே போயிருந்தது. அவருடைய முகம் வெளிறியது.

"ஆர் இதைச் செய்தது?"

குழாய் ரஞ்சினியின் கையில் இருந்தது. முழங்கால் வரை நனைந்திருந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை.

"நான்" என்றாள்.

"இண்டையோடை உமக்கு வேலை இல்லை. போய் வானிலை இரும்."

ரஞ்சினி குழாயைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். பத்து அடி போயிருப்பாள். அந்தப் பத்து அடி வரைக்கும் நான் பேசாமல் நின்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆறு பேருக்கு முன்னால் என் மரியாதை போகக்கூடாது என்றுதான் நின்றேன். கேட்டுச் செய்வோம் என்று அவள் சொன்ன வேலைக்கு, அவளுடைய பெர்மெஸ்ஸோ போகிறது.

"சால்வோ, அவள் இல்லை. நான்தான் சொன்னது. கேட்டுச் செய்வம் எண்டு அவள் சொன்னவள். நான்தான் கேக்கயில்லை."

அவர் கத்தத் தொடங்கினார். நல்ல காலம், பாதி சிசிலியானோவில், அவருடைய ஊர்ப் பேச்சில், கத்தியதால் முழுவதும் விளங்கவில்லை. விளங்கியது இவ்வளவு: தூசி ஒரு பிரச்சினையே இல்லை. பிழிந்த சாற்றைத் தொட்டியில் ஒரு நாள் விட்டால் மண் அடியில் படியும், மேலே உள்ளதை எடுப்பார்கள். ஈரம்தான் பிரச்சினை. குலைக்குள் நிற்கிற தண்ணீர் சாற்றோடு சேர்ந்து வைனைத் தண்ணியாக்கும். பெட்டிக்குள் ஈரமாக விட்டாலோ இந்தச் சூட்டில் பின்னேரத்துக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். தாங்கியில் இருந்தது பவுசர் லொறியில் வந்த தண்ணீர். அடுத்த பவுசர் திங்கட்கிழமைதான். அதுவரை பிரஸ்ஸைக் கழுவ வைத்திருந்தது அது.

"ரெண்டு பேரும் போங்கோ" என்று முடித்தார்.

"போறம்" என்றேன். "ஆனால் இந்த நாப்பது பெட்டியையும் காயவைச்சுப்போட்டுத்தான் போறம். ரெண்டு மணி வரைக்கும் விடுங்கோ. பழம் காயாட்டி நானே எல்லாரையும் வானிலை ஏத்திறன்."

"எதிலை காயவைக்கப்போறியள்? நிலத்திலையோ?"

எதில் என்று எனக்கும் அப்போது தெரியாது.

4. வலை

கந்தீனாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒலிவ் காய் விழுத்தும்போது மரத்துக்குக் கீழே விரிக்கிற பச்சை வலைகள் சுருட்டிக் கிடந்தன. எனக்கு அது போதும். மன்னார்க் கரையில் பேசாலையில் பிறந்தவள் நான். கருவாடு காயப்போடுவது எப்படி என்று எங்களில் கடற்கரையில் பிறந்த ஐந்து பேருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நிலத்தில் போடக்கூடாது. கீழாலும் காற்றுப் போகவேண்டும். ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. அடிக்கடி புரட்டவேண்டும்.

இந்த முறை கேட்காமல் தொடங்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டேன்.

"சால்வோ, ஒலிவ் வலையை எடுக்கலாமோ? பழம் வெயிலிலை கிடக்கலாமோ, நிழலிலை கிடக்கவேணுமோ?"

அவர் ஒலிவ் மர வரிசையைக் காட்டினார். "எடுங்கோ. நிழலிலை."

ஒலிவ் மர வரிசையின் நிழலில் நாலு வலையை இழுத்துக் கட்டினோம். தேவி போட்ட முடிச்சு ஒன்று கூட இளகவில்லை. வலை தொய்யாமல் இருக்க, வெறும் பெட்டிகளைக் கவிழ்த்து இடையிடையே முட்டுக்கொடுத்தோம். ஒவ்வொரு குலையையும் காம்பில் பிடித்து மெல்ல உதறி, ஒற்றைப் படையாகப் பரப்பினோம். வெடித்த பழத்தைக் கத்தரியால் எடுத்தோம். கடைசிப் பெட்டி முடிய, முதல் பெட்டிக்குத் திரும்பிப் போய்ப் புரட்டினோம்.

வலை கட்டத் தொடங்கும்போதே, வானுக்குள் போய் இருந்த ரஞ்சினியை நான்தான் போய்க் கூப்பிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை."

"அதைப் பிறகு கதைப்பம் அக்கா. கத்தரி எங்கை?" என்று இறங்கி வந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் காற்று மறுபடி எழுந்தது. அதே ஷிரோக்கோ. அடுப்புக்குள் தலையை விட்டதுபோலச் சூடு. கோடை முழுக்க அந்தக் காற்றைத் திட்டாத ஆள் பலேர்மோவில் இல்லை. அன்றைக்கு நாங்கள் ஏழு பேரும் காற்றே அடி அடி என்று கும்பிட்டோம். தேவி முருகனைக் கூப்பிட்டாள், மற்றவர்கள் மருதமடு மாதாவை. யார் கேட்டார்களோ தெரியாது, ஒரு மணிக்கெல்லாம் குலையின் வெளிப்பழத்தில் ஈரம் இல்லை. குலைக்குள் விரலை விட்டுப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் பிசுபிசுத்தது. இன்னொருதரம் புரட்டினோம்.

5. இரண்டு வாளி

இரண்டு மணிக்கு சால்வோ வந்தார். அங்குமிங்குமாகப் பத்துப் பன்னிரண்டு குலையைப் பிரித்துப் பார்த்தார். காம்பை முகர்ந்தார். பழத்தை வாயில் போட்டு மென்று துப்பினார். நாங்கள் பரீட்சை மறுமொழிக்கு நிற்பதுபோல நின்றோம்.

"பிழியலாம்" என்றார். "தனித் தொட்டியிலைதான் விடுவன். நல்லா வருமெண்டு சொல்லமாட்டன்." பிறகு தாங்கியைக் காட்டினார். "பிழிஞ்சாப்பிறகு பிரஸ்ஸை எதாலை கழுவிறது? கிடக்கிற தண்ணி ரெண்டு தரத்துக்கும் காணாது. திங்கள் வரைக்கும் நாலு நாள் இருக்கு."

"ஒருதரம் கழுவ எவ்வளவு பிடிக்கும்?"

"குழாயாலை அடிச்சால் கால்வாசித் தாங்கி."

"ரெண்டு வாளி காணும்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்தக் கோடையில் பலேர்மோவிலும் தண்ணீர் முறைவைத்துத்தான் வந்தது. பல்லரோப் பக்கத்து வீடுகளில் நாலு நாளுக்கு ஒருதரம். அந்தத் தண்ணீரிலும் சிஞ்ஞோராமாரின் மாபிள் நிலம் மினுங்கத்தான் வேண்டும். எப்படிச் செய்வது என்று நாங்கள் படித்திருந்தோம். முதலில் உலர் பிரஷ். பிறகு ஈரத் துணி. பிறகு முதல் வாளித் தண்ணீரைக் கிண்ணத்தால் மேலிருந்து ஊற்றிக் கீழே பிடித்து, அதையே மறுபடி. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டாம் வாளி. ஆனால் பிரஸ்ஸுக்கு எந்தப் பிரஷ் போடலாம், எதைக் கழற்றலாம், சோப் படலாமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். "இவ்வளவு கேள்வி நீங்கள் அம்மான்ரை வீட்டிலை கேட்டதில்லையே" என்றார். "அங்கை கேட்டிருந்தால் உங்கடை கம்பளிச் சட்டை ரெண்டு சுருங்கியிருக்காது" என்றேன். அன்றைக்கு முதன்முறை சிரித்தார்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பிரஸ்ஸின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. இரண்டாம் வாளியில் கால்வாசித் தண்ணீர் மிச்சம் இருந்தது. வான் கதவை அவரே திறந்து பிடித்தார். ரஞ்சினி கடைசியாக ஏறினாள். அவளிடம்தான் சொன்னார்:

"நாளைக்கும் ஆறு மணிக்கு. பிந்தாதையுங்கோ."

மலை இறங்கி மொன்றியாலேக்கு வந்தோம். வானுக்குள் ரஞ்சினி சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். நானும்தான்.

6. ஏப்ரல்

எட்டு நாளில் திராட்சையை முடித்தோம். நவம்பர் வரை ஒலிவ் பிடுங்கினோம். ஒக்டோபரில் ரஞ்சினி கொந்த்ராத்தோவோடு குவெஸ்தூராவுக்குப் போனாள். புதுப் பெர்மெஸ்ஸோ கார்ட் கைக்கு வர அடுத்த ஏப்ரல் ஆயிற்று.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டுதான். ஒரு வேலையில் எத்தனை வருடம் பேர் எடுத்திருந்தாலும், அடுத்த வேலையின் வாசலில் நின்று கேளுங்கள். கேட்பதால் ஒருவரும் சின்ன ஆள் ஆவதில்லை. மற்றது, யார் செய்தது என்ற கேள்வி வந்தால், செய்தவரே முதலில் வாய் திறக்கவேண்டும். நான் பத்து அடி பிந்தினேன். அந்தப் பத்து அடி இன்னும் எனக்குக் கணக்கில் நிற்கிறது.

அந்தத் தனித் தொட்டி வைனில் ஒரு போத்தலை சால்வோ எனக்குத் தந்தார். "எப்பிடி வந்திருக்கு?" என்று கேட்டேன். "திறமெண்டு இல்லை. ஆனால் விக்கலாம்" என்றார். அவர் பொய் சொல்லமாட்டார். ரஞ்சினிக்குக் கார்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவளுடைய வீட்டில் ஏழு பேரும் கூடினோம். போத்தலை மேசையில் வைத்தேன். கந்தீனாத் தூசி அதில் அப்படியே படிந்திருந்தது. ரஞ்சினி துணியை எடுத்துக்கொண்டு வந்தவள், போத்தலுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதைத் துடைக்கலாமோ? இல்லாட்டி சால்வோவுக்கு ஒரு போன் எடுப்பமோ?"

தேவிக்குக் கூட அது முழுவதும் விளங்கியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் போனைத் தூக்கி அவளிடம் நீட்டினேன்.

"எடு பிள்ளை. கேட்டிட்டுத் துடைப்பம்."