இருபதாம் இலக்கத்திலிருந்து வந்த மறுப்பு

2023 நவம்பர் முதலாம் திகதி, புதன்கிழமை, பின்னேரம் மூன்று நாற்பது. விடியப்புறம் தொடங்கிய மழை விட்டபாடில்லை. இரணைமடுப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரமண் மணத்தது. மாதம் முதலாம் திகதி என்றால் நான் என் பழைய மடிக்கணினியைப் போட்டுப் பார்ப்பேன், பூஞ்சணம் பிடிக்கக்கூடாதென்று. அதிலிருக்கும் மின்னஞ்சல் செயலி தானாக எழும்பி, கிளிநொச்சியில் எங்கள் விதைநெல் அலுவலகத்தில் ஒருகாலம் இருந்த அஞ்சல் சேர்வரைத் தேடும். ஒரு நிமிடம் தேடிக் களைத்து, ‘பதில் இல்லை’ என்று ஆங்கிலத்தில் சொல்லும். இது நூற்று முப்பத்தோராவது மாதம். முந்திய நூற்று முப்பதிலும் அதே பதில்தான். அன்றைக்கு ஒரு நிமிடம் எடுக்கவில்லை. உடனே வந்தது: ‘இணைப்பு மறுக்கப்பட்டது.’

உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். எனக்கு அப்படியில்லை. அந்த அலுவலகத்தில் நெல்லுக் கணக்கோடு கணினிகளையும் பார்த்தவன் நான். பதில் இல்லை என்றால் வீட்டில் ஆளில்லை. மறுக்கப்பட்டது என்றால் ஆள் இருக்கிறது, உள்ளே நின்றுகொண்டு திறக்கமாட்டேன் என்கிறது.

குசினியிலிருந்து வந்த என் மனைவி பூமணி என்னைப் பார்த்தாள். அவள் நாற்பத்தொரு வருடம் பார்த்த முகம்.

“என்னப்பா, வெளிறிப்போய் இருக்கிறியள்?”

“சேர்வர் பதில் சொல்லுது.”

“எது, உடையார்கட்டில தாட்டதோ?”

“ஓம்.”

“அப்ப மழைக்கு முளைச்சிட்டுதாக்கும்.”

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு டீசல் மணத்தது. அந்தநாள் அலுவலகத்தில் ஜெனரேட்டர் காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு. அலுமாரிக்கு மேலிருந்த சேர்வர் வழியாக ஐந்து அறைகளின் அஞ்சலும் போய்வரும். பிளேன்டீ கேட்பதற்குக்கூட மின்னஞ்சல் போடுவார்கள். டீசலை மிச்சம் பிடிக்க நான் ஒரு ஏற்பாடு செய்தேன்: அஞ்சலின் தலைப்பு மட்டும் எங்கள் கணினிக்கு வரும், உள்ளே எழுதியது சேர்வரிலேயே கிடக்கும், தேவையானவர் அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சண்டை கிளிநொச்சியை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்த நாட்களில், அலுவலகத்தின் கடைசிப் பின்னேரம், ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தபோது ஒரு தலைப்பு வந்தது. அனுப்பியவள் ஸ்ரெலா. கணக்குப் பகுதியில் வேலை செய்தவள், முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தவள். ‘ஐயாவுக்கு மட்டும்’ என்று தலைப்பு. நான் அழுத்துவதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. வெளியே உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“பிள்ளை, என்ன அது?” என்று கேட்டேன்.

“பிறகு வாசியுங்கோ ஐயா,” என்றாள், கோப்புகளைக் கட்டிக்கொண்டு.

சேர்வரைப் பொலித்தீனில் சுற்றி உடையார்கட்டில் ஒரு பாலை மரத்தடியில் புதைத்தோம். ஸ்ரெலா வேறொரு உழவு இயந்திரத்தில் கடற்கரைப் பக்கம் போனாள். என் மடிக்கணினி அரிசிப் பைக்குள் கிடந்து என்னோடு எல்லா இடமும் வந்தது. சண்டை முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே பாலை மரம் இல்லை. அவளைப் பற்றி ஏழு இடத்தில் விசாரித்தேன். ஏழு பேரும் என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

வாசிக்காத அஞ்சலென்று தடித்த எழுத்தில் அந்தத் தலைப்பு இன்னும் கிடக்கிறது.

கணினியில் ஒரு சோதனை உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்தால் நான்கு தரம் கூப்பிட்டுப் பார்க்கும். சேர்வரின் இலக்கம் இருபது. கொடுத்தேன். நான்கு பதில் வந்தது. மறுபடியும் கொடுத்தேன். நான்கு. பூமணி கையைத் துடைத்துக்கொண்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். பகிடி நின்றுவிட்டது.

“நிப்பாட்டுங்கோ,” என்றாள் மெல்ல.

அப்போதுதான் இணையப் பெட்டியில் ஒரு புதுக் கம்பியைக் கண்டேன். மாடுகள் உள்ளே வருகின்றன என்று போன கிழமை படலையில் பூட்டின கமராவின் கம்பி. அதைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டேன், ஒரு பதிலும் இல்லை. திரும்பச் செருகினேன், நான்கு பதில். அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே இலக்க வரிசைதான்; வீட்டுப் பெட்டி, புதிதாக வந்த கமராவுக்கு அந்த இருபதாம் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறது. அஞ்சல் கேட்டால் கமரா என்ன செய்யும், மறுக்கத்தான் செய்யும். பூமணிக்கு விளங்கப்படுத்தினேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் இருட்டும்வரை இரண்டு பேருமே படலைப் பக்கம் பார்க்கவில்லை.

கமரா பூட்டின ஜெகனைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை பரந்தனிலிருந்து நனைந்துகொண்டு வந்தார்.

“இலக்கத்தை மாத்திவிட்டாச் சரி ஐயா. இந்த மறுக்கிறது வராது.”

“பிறகு என்ன வரும்?”

“ஒண்டும் வராது. பழையபடி பதில் இல்லை எண்டுதான்.”

நான் மடிக்கணினியை மூடினேன். “அப்ப விடுங்கோ தம்பி. அப்பிடியே இருக்கட்டும்.”

“மாத்தத்தானே கூப்பிட்டனீங்கள்?”

“அவர் அப்பிடித்தான் தம்பி,” என்றாள் பூமணி. “நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிக் கடை. அந்த ஐந்து அறைக்காரரில் இந்த ஊரில் மிஞ்சியது நான் ஒருவன். டீசல் மணம்கூட நினைத்தால்தான் வருகிறது. மாதம் முதலாம் திகதி கேட்டால், இருபதாம் இலக்கத்திலிருந்து மட்டும் யாரோ உடனே ‘மாட்டேன்’ என்கிறார்கள். ஜெகன் ஒன்றையும் தொடாமல் திரும்பிப் போனதற்குக் கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.