நாலு கடைக்கும் ஒரே முகம்

அவளுக்கு நாலு கடை. நாலும் இணையத்தில்தான். துண்டுக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று, சால்வைக்கு ஒன்று, சமையலறை ஏப்ரனுக்கு ஒன்று. பெயரும் சின்னமும் வேறு வேறு. சரக்கெல்லாம் ஒரே வாடகை வீட்டின் ஒரே அறையில். ஜன்னலை மறைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகள் நின்றதால் பகலிலும் விளக்கு எரியும்.

ஆரம்பத்தில் மாடல் வைக்க வக்கில்லை. அக்காவைத்தான் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நாலு கடைக்கும் நாலு ஆள் மாதிரித் தெரிய வேண்டும். ஏப்ரனுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றாள் அக்கா. தலையணைக்குக் கண்ணை மூடிப் படுத்தாள். சால்வை விலை கூடிய சரக்கு. அதற்கு மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"பணக்காரிக்குச் சிரிப்பெல்லாம் கட்டுப்படியாகாதுடி."

துண்டுக்கு, ஈரத்தலையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றபோது வாசலில் இருந்த அத்தான், "குளிச்ச மாதிரி இல்லையே, கிணத்துல விழுந்த ஆளைத் தூக்கிட்டு வந்த மாதிரில்ல இருக்கு," என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் படம்தான் ஓடியது. துண்டுக் கடைதான் மற்ற மூன்றுக்கும் சோறு போட்டது.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. படங்கள் கடையிலேயே இருந்தன.

ஒருநாள் அத்தான் வந்தார். பெட்டிகளுக்கு நடுவே உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை.

"ஆபீஸ்ல ஒருத்தன் போனைக் காட்டி, இந்தத் துண்டு நல்லா இருக்குமா சார்னு கேக்குறான், குட்டி. புது ஆளு. அவனுக்குத் தெரியாது."

"நீங்க என்ன சொன்னீங்க அத்தான்?"

"நல்லா இருக்கும்னேன். வேற என்ன சொல்ல?"

பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். எந்நேரமும் ஒட்டும் டேப்பும் கையுமாக இருப்பதால் அவளுக்கு டேப்பு என்றே பெயர்.

"அந்தப் படத்தை எடுத்துடும்மா. என்னால முடியல," என்றார் அத்தான்.

"எடுத்துடறேன் அத்தான்," என்றாள்.

எடுக்கவில்லை. முகப்புப் படத்தை மாற்றினால் தேடுகிறவர்களுக்குப் பொருள் முதல் பக்கத்திலிருந்து எங்கோ அடியில் போய்விடும். மறுபடி மேலே வர மாதக்கணக்காகும். இந்தச் சரக்கு தீரட்டும் என்று தள்ளினாள். தீர்ந்ததும் அடுத்தது வந்து இறங்கியது. அத்தான் மறுபடி கேட்கவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார். அவள் போன் செய்தால் எடுப்பார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். அவளுக்கு என்று மிச்சமிருந்த மனுஷர் அவர் ஒருவர்தான்.

"அக்காவை இன்னும் எத்தனை நாள் வேலை வாங்கப் போறீங்க?" என்றாள் டேப்பு ஒருநாள், குனிந்த தலை நிமிராமல்.

அன்றைக்கே எடுத்தாள். படத்தை மட்டும் மாற்றினால் மனசு மாறிவிடும் என்று பயந்து, நாலு பக்கங்களையும் அடியோடு அழித்தாள். புதிதாகப் பக்கம் போட்டு, ஆளில்லாமல் மடித்து வைத்த துண்டைப் படமாக வைத்தாள். விற்பனை படுத்துவிட்டது. அது போகட்டும் என்றிருந்தாள். அத்தானுக்குச் சொன்னாள். "சரிம்மா," என்றார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"எடுத்துட்டேன்னு சொன்னியே."

"எடுத்துட்டேன் அத்தான். சத்தியமா."

"இப்பப் பாத்துட்டுத்தான் பேசறேன்."

தேடிப் பார்த்தாள். யாரோ முகம் தெரியாத கடைக்காரன், வேறொரு பெயரில், அதே சிரிப்போடு துண்டு விற்றுக்கொண்டிருந்தான். கீழே இன்னொருவன். அதற்கும் கீழே ஒருவன் அக்காவின் தலைத்துண்டுக்கு நீல நிறம் ஏற்றியிருந்தான். அவள் பக்கம் இருந்தவரை ஒருவனும் தலைகாட்டியதில்லை. இடம் காலியானதும் புகுந்துவிட்டார்கள்.

விற்பனைத் தளத்துக்குப் புகார் கொடுத்தாள். படம் உங்களுடையது என்றால் அது இப்போது உங்கள் கடையில் விற்பனைப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. மூலப்படம் இருந்தால் காட்டலாமாம். எடுத்த போனை அவள் எப்போதோ கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கியிருந்தாள். பக்கத்தை அழிப்பதற்கு முன் தனக்கென்று சேமித்துக்கொண்ட பிரதி மட்டும் இருந்தது.

அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது சாக்கு மாதிரிக் கேட்டது.

"அப்போ, எடுக்கணும்னா போடணும்."

"ஆமா அத்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல. புகாரை அவங்க பாக்குற வரைக்கும்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம். அவர் அதை மூடவில்லை.

"வேற யாராவது கேட்டா நல்லா இருக்கும்னு சொல்லிக்கறேன். போடு," என்று வைத்துவிட்டார்.

படத்தை ஏற்றினாள். தளம் விலை கேட்டது. யாரும் வாங்க முடியாத ஒரு தொகையைப் போட்டாள். கையிருப்பு கேட்டது. பூஜ்யம் போட்டாள், ஏற்கவில்லை. ஒன்று என்று போட்டாள். அக்கா திரைக்கு வந்தாள்.

டேப்பு எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த பெட்டியை ஒட்டப் போய் உட்கார்ந்தாள். அவள் திரைக்கு முன்னாலிருந்து எழுந்து, யாராவது வாங்கித் தொலைத்தால் அனுப்ப வேண்டுமே என்று, அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவித் தனியாக வைத்தாள்.