டோர்ச்சை உயர்த்திப் பிடித்தவன்

இந்த நாட்டில் இருட்டுகிற நேரத்தில் சதுப்பு நிலத்து ஓரமாகக் கையில் டோர்ச்சோடு தனியாக நிற்கலாம். யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். போன மாதம் அப்படி நின்றபோது பொலிஸ் கார் ஒன்று மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கிய இளம் பொலிஸ்காரர், உங்கள் கார் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாரோ என்னவோ, அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேட்டார். சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தொண்டர் அட்டையை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, இன்றைக்கு நிறைய இருக்கிறதா என்று விசாரித்துப் போனார். நான் டோர்ச்சை அணைத்துவிட்டு, கார் வெளிச்சம் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கனடாவுக்கு நான் கலியாணமாகி வந்தவள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் நாணல் மண்டிய ஒரு சதுப்பு இருக்கிறது. அங்குள்ள பறவைகளையும் தவளைகளையும் கேட்டு எழுதிக் கொடுக்கும் தொண்டு வேலையில் சேர்ந்தேன். விடியற்காலையில் பறவைக்குப் பதினைந்து நிமிடம், சூரியன் மறைந்த பிறகு தவளைக்கு மூன்று நிமிடம், குறித்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். எந்தக் குரல், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று படிவத்தில் குறிக்க வேண்டும். மற்றத் தொண்டர்கள் இயற்கை மேலுள்ள பிரியத்தால் வந்ததாகச் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிவைத்தேன். உண்மையில் எனக்குத் தவளை மேல் ஒரு பிரியமும் கிடையாது. என் அண்ணனின் வாழ்க்கையைத் தின்ற பிராணி அது. அதன் குரலில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

இலங்கையில் கலவான டவுனுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, தேயிலை முடிந்து சிங்கராஜக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு சேற்றுப் பள்ளம். தொண்ணூறுகளின் நடுவில் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் ஜீப்பில் வந்து அங்கே தவளை தேடினார். லயத்தில் அவருக்குத் தவளை மாத்தயா, அதாவது தவளை ஐயா, என்று பெயர். அண்ணன் தங்கராஜ்தான் அவருக்கு வழிகாட்டி. குரல் வருகிற பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்து இலையை விலக்கினால், தவளை அங்கே உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு காது அவனுக்கு. மாத்தயா நெஞ்சில் ரெக்கோடரைக் கட்டிக்கொண்டு நிற்பார். அண்ணன் டோர்ச்சைத் தலைக்கு மேலே பிடிப்பான்.

ஒருநாள் மாத்தயாவின் ஜீப் புறப்பட்டுப் போன பிறகு, டோர்ச்சோடு லயத்துக்கு ஏறி வந்த அண்ணனைப் பொலிஸார் வழியில் பிடித்தார்கள். எதிர் மலையிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், தமிழன் ஒருவன் காட்டோரம் நின்று வெளிச்சத்தை ஏற்றி இறக்கிப் புலிகளுக்குச் சைகை காட்டுகிறான் என்று. அந்தக் காலத்தில் அது போதும். பதினாலு மாதம் உள்ளே இருந்தான். அவன் என் வேலைக்காகத்தான் காட்டோரம் நின்றான் என்று ஒரு வார்த்தை எழுதித் தரக் கேட்டு அம்மாவும் நானும் கொழும்புக்கு மாத்தயா வீட்டுக்குப் போனோம். கேட்டை அவர் திறக்கவே இல்லை, உள்ளே நின்றபடியே பேசினார்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. புள்ளய விட்டுருவாங்க," என்றாள் அம்மா. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன்.

"ஏ மினிஹவ மம தன்னே நே," என்றார். அந்த மனிதனை எனக்குத் தெரியாது என்று. வராந்தாவில் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், அண்ணன் பிடித்துக் கொடுத்த தவளைகள்.

வழக்கே இல்லாமல் அண்ணனை விட்டார்கள். அடித்த அடியில் இடது காது போய்விட்டது. ஒற்றைக் காதால் சத்தத்தைக் கேட்கலாம், அது வருகிற பக்கம் தெரியாது. அவன் பெயர் மட்டும் பொலிஸ் புத்தகத்தில் அப்படியே இருந்தது. எங்கே சுற்றிவளைப்பு நடந்தாலும் முதலில் அவனைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். அவனை இங்கே கூப்பிட நான் போட்ட விண்ணப்பமும், அவன் மேல் குற்றமில்லை என்ற பொலிஸ் ரிப்போட் இல்லாமல் கிடந்தது. அந்த ஒரு வரிக்காக மாத்தயாவுக்கு நான் போட்ட கடிதங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், புதுத் தொண்டர்களுக்கான பயிற்சிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் மார்கிரட் சொன்னார். மகளைப் பார்க்க வந்த இலங்கைப் பேராசிரியராம். மண்டபத்தில் பார்த்ததும் தெரிந்துவிட்டது, தவளை மாத்தயாவேதான். தலை நரைத்திருந்தது. அதே குரல். காட்டில் ரெக்கோட் பண்ணும்போது தேதியும் இடமும் வானிலையும் நாமே வாயால் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சாட்சி இருக்காது என்று பாடம் நடத்தினார். உதாரணத்துக்குத் தன் பழைய ஒலிநாடா ஒன்றைப் போட்டார். அதில் அவர் குரல் ஆங்கிலத்தில் ஒரு தேதி சொன்னது. அண்ணனைப் பிடித்த நாள். கலவான, லேசான மழை. பிறகு தவளை. அது முடிந்ததும் மார்கிரட் நிறுத்த மறந்துவிட்டார். நாடா ஓடியது.

"தங்கராஜ், டோச் எக்க உஸ்ஸன்ன. தவ உஸ்ஸன்ன."

"ஹரி சேர்," என்றான் என் அண்ணன். பிறகு தனக்குள்ளே தமிழில், "காலெல்லாம் அட்ட."

நான் எழுந்து நின்று, கடைசிப் பகுதியை மறுபடி போடச் சொன்னேன். மூன்று தரம் போடவைத்தேன். மூன்றாம் தரம்தான் மாத்தயா என் முகத்தைப் பார்த்தார். அவர் நிறம் மாறியதைக் கண்டு நான் சந்தோஷப்பட்டேன். இதை மறைக்கப் போவதில்லை.

"உங்கள் ஊர்க்காரரா? எவ்வளவு அருமையான சந்திப்பு," என்று மார்கிரட் கைதட்டினார். மற்றவர்களும் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் சொல்வது, தங்கராஜ், டோர்ச்சை உயர்த்து, இன்னும் உயர்த்து. அவன் சொல்வது, சரி சேர். அந்த டோர்ச்சுக்காக அன்றைக்கே அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் அவனைத் தெரியாது என்றார். கையிலிருந்த கணக்கெடுப்புப் படிவத்தைப் புரட்டி, வெற்றுப் பக்கத்தை அவர் முன் வைத்தேன்.

"லியன்ன மாத்தயா," என்றேன். எழுதுங்கள் என்று.

சிங்களத்தில் எழுதினார். அந்த மாலை தங்கராஜ் என் வேலையாக, என் சொற்படி டோர்ச் பிடித்தான் என்று. அதோடு நிறுத்தப் பார்த்தார். அவனைத் தெரிந்திருந்தும் தெரியாது என்று சொன்னேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அப்போது பயமாக இருந்தது என்று முணுமுணுத்தார். அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அண்ணனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தாளு எழுதிட்டானா?"

"எழுதிட்டான்ணே."

"நல்லா திட்டுனியா?"

"இல்லண்ணே."

"திட்டியிருக்கணும்." பிறகு கேட்டான், "அந்த டேப்புல தவள சத்தம் நல்லா விழுந்திருக்கா?"

"நல்லா விழுந்திருக்கு."

"இங்கயும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. எந்தப் பக்கம்னுதான் வெளங்க மாட்டேங்குது."

கடிதத்தைக் கொண்டு ஒரு வக்கீல் மூலம் பொலிஸ் ரிப்போட்டும் எடுத்தாயிற்று. நான் டிக்கெட் பற்றிப் பேசினேன். அவனோ வரமாட்டேன் என்கிறான். "இனி எதுக்கு வரணும்? காயிதம் பையில இருக்கு. அவனுங்க கண்ணு முன்னால டோச் அடிச்சிக்கிட்டே பள்ளத்துல திரியிறேன். புடிக்கட்டும் பாக்கலாம்." சொன்னபடியே தினமும் திரிகிறானாம். எனக்கு இங்கே பயம்தான். ஆனால் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. நான் மாத்திரம் என்ன, ஒவ்வொரு வசந்தத்திலும் மாத்தயாவின் மகள் விலாசத்துக்கு அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைத் தபாலில் போடுகிறேன். அவர் இருக்கும்வரை போடுவேன்.

இப்போது அங்கே சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். முதலில் சொன்ன பொலிஸ்காரர் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். சட்டைப் பையிலிருந்து அன்று முதலில் வந்தது தொண்டர் அட்டை அல்ல. நான்காக மடித்த அந்தக் கடிதத்தின் பிரதிதான். கேட்காமலே நீட்டிவிட்டேன். அவர் வாங்கி விரித்து, இரண்டு பக்கமும் புரட்டி, இதை எனக்குப் படிக்கத் தெரியாதே என்றார்.

"டோர்ச் பிடித்தவன் தவளை தேடத்தான் வந்தான் என்று எழுதியிருக்கிறது," என்றேன்.