முதுகு காட்டிய பெண்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மலையாளக் கரையில், தம்பானூரில் சொந்த அச்சகம் வைத்தேன், மேலே மாடியும் எழுப்பினேன். இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தவன் நான்தான்.

தொண்ணூறுகளில் ஓர் ஆபீஸ்காரர் வந்தார். எம்.ஏ. படித்தவர். உட்காரும் முன் என் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். சொந்தச் செலவில் காதல் நாவல் போடுகிறாராம். அட்டையில் முதுகு காட்டி நிற்கும் பெண் வேண்டுமாம்.

"முதுகப் பாத்து எவன் வாங்குவான், சாரே?"

"அது பிரிவாக்கும் அண்ணாச்சி. உங்களுக்கு மனசிலாகாது."

பத்துப் பிரதிகூடப் போகவில்லை. "என்ன வேணும்னாலும் செய்யும்" என்று கட்டுகளை என் கடையிலேயே தள்ளிவிட்டுப் போனார். அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒட்டினேன். மஞ்சள் நிறத்தில் தங்க மாலை போட்டது. பத்திரிகை அடிக்க வந்தவர்களிடம், "தாம்பூலப் பையில போட்டுக் குடுங்க, கௌரவமா இருக்கும்" என்றேன். கட்டுக் கட்டாகத் தூக்கிப்போனார்கள். காதலர் இருவரும் கடைசியில் சாகிற கதை அது. ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எல்லாம் தீர்ந்துபோனது என்று கேள்விப்பட்டு, இரண்டாம் பதிப்பு அடிக்க என்னிடமே வந்தார். அதன் முன்னுரையில், "வாசகர்கள் என்னைக் கண்டுகொண்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். மனைவிக்கு நன்றி, மேலதிகாரிக்கும் நன்றி. இவரெல்லாம் என்ன படித்தார் என்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் பதிப்பின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை அவரே விற்றுக்கொள்ளட்டும்.