நேசமலர் மலையேற்றிய மொரிஸ் மைனர்

கொட்டாஞ்சேனையில் நேசமலர் கார் ஓட்டுவாள் என்பதை நம்பாதவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் கிளெமென்ற்தான். தையல் மெஷின் மிதித்த காலோடு போய், நாற்பத்தாறு வயதில் லைசென்ஸ் எடுத்தவள் அவள். எடுத்து என்ன பயன்? ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு மட்டும்தான் தன் மொரிஸ் மைனர் காரைத் தொட விடுவார். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் கோயிலுக்குப் போய்விடலாம். இடையில் ஓர் இராணுவச் செக்பொயின்ற் வேறு. முன் லைற்றை அணைத்து, உள் லைற்றைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, அடையாள அட்டையை நீட்ட வேண்டும். யுத்தகாலக் கொழும்பில் அது தமிழர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் மச்சாள் கொன்ஸ்ரன்ஸையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனார்கள். ஹோட்டன் சமவெளிக்குப் புறப்பட்ட காலையில் நேசமலர் கார்ச் சாவியைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தத் தேசிய வனத்துப் பாதை முழுவதையும் தானே ஓட்ட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

"சரி, ஓடும். ஆனா எஞ்சின் ஒருக்கா நிண்டாலும் இறங்கி என்னட்டத் தாரும்" என்றார் கிளெமென்ற்.

"நிக்காது. பேசாம ஏறுங்கோ."

பட்டிப்பொல தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. பின் சீற்றில் கொன்ஸ்ரன்ஸ் செபமாலையைத் தொடங்கி, பாதியில் மறந்து, "ஐயோ, முகில் கீழ கிடக்குது, பாருங்கோ!" என்று கத்தினாள். வனத்தின் வாசலைக் கடந்ததும் புல்வெளி கண்ணுக்கெட்டிய மட்டும் விரிந்தது. நேசமலருக்குச் சிரிப்பு வந்தது, பாட வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் இந்த ஆம்பிளைகள் இதைத் தாங்களே வைத்து அனுபவித்தார்களே என்று ஆத்திரமும் வந்தது.

திடீரென்று மூடுபனி இறங்கியது. பாதையின் நடுவே உயரமாக ஓர் உருவம் தெரிந்தது.

"செக்பொயின்ற்! நிப்பாட்டும், எஞ்சினை நிப்பாட்டும்!" என்று பதறினார் கிளெமென்ற்.

நிறுத்தினாள். முன் லைற் அணைந்தது, உள் லைற் எரிந்தது. மூன்று ஜன்னல்கள் வழியாக மூன்று அட்டைகள் நீண்டன. ஒருவரும் வந்து கேட்கவில்லை.

பனி விலகியது. கொம்பு வைத்த பெரிய மரை மானொன்று புல்லை அசைபோட்டபடி அவர்களைப் பார்த்தது. பிறகு தன்பாட்டில் காட்டுக்குள் இறங்கிப் போனது.

கொன்ஸ்ரன்ஸ் கண்ணீர் வரச் சிரித்தாள். கிளெமென்ற் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"எண்டாலும் எஞ்சின் நிண்டது. இறங்கும்."

"நிப்பாட்டினது நான். நிப்பாட்டச் சொன்னது ஆர்? மரைக்கு ஐடென்ரி காட்டினது ஆர்?"

"எல்லாரும்தானே காட்டினம்" என்றார் அவர்.

பின் சீற்றில் சிரிப்பு நின்றது. கிளெமென்ற் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் ஜன்னலுக்கு வெளியே அட்டையை நீட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உள்ளே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஓடும், நேசம்" என்றார். "இனி ஆர் மறிச்சாலும் நிப்பாட்டாதையும்."