ஏரிக்கரையில் ஓர் ‘அசையாத’

படம் எடுக்கும் முன் ஜெகன் தன் தாடையைத்தான் முதலில் தூக்குவார். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் தாடையும் தானாக அதே அளவு எழும். பிறகு இடக் கண்ணைச் சுருக்கி, தணிந்த குரலில், "அசையாத" என்பார். பெரியவரோ சிறுசோ, எல்லோருக்கும் அதே ஒரு சொல்தான். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. சுற்றுப்பட்டில் ஹால் டிக்கெட் வாங்கிய பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தச் சொல்லுக்கு மூச்சை அடக்கியவர்கள்.

அடங்காதவள் அவர் மகள் இளமதி ஒருத்திதான். அவர் எடுத்த எந்தப் படத்திலும் அசைந்துவிட்டு, அவளுக்கு இரண்டு மூக்கு. ஏரியில் நீச்சல், சாலவாக்கம் போய்த் திரும்ப சைக்கிள், கடைசியில் கரைமேல் ஓட்டம் என்று டிரையத்லான் அறிவித்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள். பெண்களில் முதல் மூன்று பேர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். அந்த மூன்றில் ஒருத்தியாக வரவேண்டும் என்று மூன்று மாதமாக விடியலில் எழுந்து ஓடினாள். போட்டிக்கு முந்தின நாள் சாப்பிடும்போது அப்பாவைச் சீண்டினாள்.

"ஒக்கார வெச்சி யாரு வேணாலும் எடுப்பாங்க நைனா. நான் ஓடிக்கினு இருக்கும்போது எடு, பாப்பம்."

போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டுப் போனார். நீச்சலில் எல்லாத் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி; பன்னிரண்டு படம் எடுத்தார், பன்னிரண்டும் வேறு யாரோ. சைக்கிளில் அவள் பின்சக்கரம் மட்டும் படத்தில் மாட்டியது. மிச்சம் இருந்தது ஓட்டம். கரை வளைவுக்கு முன்னால் ஒரு கருவேல நிழலில் நின்றுகொண்டார். முதலில் இரண்டு பெண்கள் கடந்தார்கள். அடுத்து மூன்று பேர் கொத்தாக வந்தார்கள், மூவரும் உள்ளூர். அதில் ஒருத்தி ஷீபா, இளமதியோடு படிப்பவள். கொஞ்சம் பின்னால் இளமதி.

கேமராவை உயர்த்தினார். கூடவே தாடையும் உயர்ந்தது. வாய் தன் பாட்டுக்கு, "அசையாத" என்றது.

மூவரும் நின்றுவிட்டார்கள். நின்றதோடு இல்லாமல் தாடையையும் தூக்கினார்கள். பொறுக்க முடியாமல் சிரித்தபடி இளமதி அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஜெகனின் விரல் அழுத்தியது. மூவரும் சுதாரித்துக் கிளம்புவதற்குள் அவள் வளைவில் மறைந்துவிட்டாள்.

படம் பளிச்சென்று விழுந்திருந்தது. நிற்கும் மூவரைக் கடந்து ஓடுகிறவள். ஒரே ஒரு மூக்கு. ஆனால் முடிவிடத்தில் அவள் ஆறாவதாக வந்தாள். மூன்றாவதாகப் போனவளாயிற்றே என்று கேட்டார். கால் பிடித்துக்கொண்டது என்றாள். வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அவளும் வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஷீபா ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுக்க வந்தாள். போட்டியில் இளமதிக்குக் கால் பிடித்துக்கொண்டதே என்று அவளிடம் சொன்னபடி ஜெகன் கேமராவைச் சரிசெய்தார். ஸ்டூலில் இருந்தவள் விழித்தாள்.

"காலா? அதுக்கு ஒண்ணும் இல்லியே அங்கிள். வளைவுக்கு அந்தாண்ட சும்மா நின்னுக்கினு இருந்தா. நாங்க மூணு பேரும் தாண்டினப்புறந்தான் ஓடியாந்தா. இன்னாடின்னு கேட்டதுக்கு, 'எங்க நைனா கடையில ஒக்காந்துட்டீங்க, எழுந்து வர்ற வரிக்கும் நிக்கணும் இல்ல'ன்னா."